எட்டில் ஒரு பங்கு வேகம்

தொடக்கக் கோட்டில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, முருகேசு அண்ணனின் கறுப்பு சைக்கிள். மற்றொன்று, நாங்கள் செய்த குட்டி நீராவி இன்ஜின். சைக்கிள் புல்லின் மேல் நின்றது. இன்ஜின் அதற்குப் பக்கத்திலேயே போட்டிருந்த முப்பது மீட்டர் தண்டவாளத்தின் மேல் நின்றது.

இன்ஜின் என் முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் புகைபோக்கியிலிருந்து வந்த வெள்ளைப் புகை, தேயிலைப் பக்கமிருந்து இறங்கிவந்த மூடுபனியோடு கலந்தது. நிலக்கரி வாசனையும் சூடான எண்ணெய் வாசனையும் மூக்கில் ஏறின. நான் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு தாழ்வான தள்ளுவண்டியில், கால்களை இரு பக்கமும் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"மாலு, இன்னும் டைம் இருக்கு லா. பெட்டியக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடு" என்றார் முருகேசு அண்ணன்.

"நீங்க பிரேக்க செக் பண்ணியாச்சாண்ணே?"

"பிரேக்கா? என் சைக்கிள்ல பிரேக்கு அலங்காரத்துக்குத்தான்."

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. எங்கள் தோட்டத்து விளையாட்டு விழாவில் கடைசிப் போட்டி எப்போதும் மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது. கடைசியாக வந்து சேர்பவர் ஜெயிப்பார். கால் தரையில் பட்டால் அவுட். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தப் போட்டியில் முருகேசு அண்ணன் மட்டும்தான் ஜெயித்து வந்திருக்கிறார். மற்ற நாட்களில் அவர் கம்போங் ராஜா என்ற ஊரிலிருந்து முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறவர். வளைவுகளில் அவர் லோரியைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் ஓரம் கட்டுவார்கள்.

அந்த வருடம் அவரோடு மோத வந்திருந்தது நான் மட்டும்தான். எனக்கான விதி இதுதான்: என் இன்ஜின் இடையில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. நின்றால் அவுட். அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தால், பாடாங்கின், அதாவது எங்கள் விளையாட்டுத் திடலின், ஓரத்தில் இருக்கும் நீண்ட துண்டு நிலம் எங்கள் ரயிலுக்கு. இல்லையென்றால் அது சனிக்கிழமைகளில் வரும் கோலாலம்பூர் கார்களுக்குப் பார்க்கிங்.

இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

தையல் மிஷின்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் பாய்லரின் வரலாறு தெரிந்திருக்கும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு நான்கே வரி. நான் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன். ஈப்போவில் படித்தபோது குட்டி நீராவி இன்ஜின் செய்கிறவர்களின் கூட்டமொன்றைப் பார்த்துவிட்டு, அந்தப் பைத்தியத்தோடு மலையேறி வந்தேன். பிரிஞ்சாங்கில் வெல்டிங் கடை வைத்திருக்கும் லிம் என் கூட்டாளி. பாய்லரையும் சிலிண்டர்களையும் அவரும் நானுமாக வார இறுதிகளில் செய்து முடித்தோம்.

மாதிரிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது கிளைப் பாதைகளில் சரக்கு இழுத்த ஒரு சின்ன நிஜ இன்ஜின். அதை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தோம். நிஜத்தில் எட்டு அடி என்றால் எங்களிடம் ஒரு அடி. சக்கரம், புகைபோக்கி, படிக்கட்டு, விசில் எல்லாமே இந்தக் கணக்குதான். ஆணித் தலைகளைக்கூட விடவில்லை.

முதல் ஓட்டம் தொழிற்சாலையின் பின்முற்றத்தில் நடந்தது. நீராவிக் கைப்பிடியைத் திறந்ததும் இன்ஜின் 'விர்ர்' என்று பறந்தது. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு கூடவே ஓடினார்கள். லிம் தன் தொப்பியைத் தூக்கி எறிந்தார். எனக்கும் கண் கலங்கியது.

கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அம்மா வந்து நின்றார். அம்மா பெண்கள் கூட்டத்துக்கு மண்டோர். பழைய காலத்தில் கங்காணி என்பார்களே, அந்த வேலை. யாரையும் எளிதில் பாராட்டிவிட மாட்டார்.

"என்னடி இது, தையல் மிஷின் மாதிரி சத்தம் போடுது?"

"ரயில்மா."

"ரயிலா? நாய் தொரத்துன மாதிரில்ல ஓடுது."

"ஒங்களுக்குப் பொறாமம்மா."

"ஆமா, எனக்கு வேற வேல இல்ல பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

அன்று எடுத்த வீடியோவை நானும் லிம்மும் பலமுறை போட்டுப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க மகிழ்ச்சி குறைந்தது. எங்கேயோ இடித்தது. பாகம் பாகமாகப் பார்த்தால் எல்லாம் சரி. ஓடும்போது மட்டும் அது இன்ஜினாக இல்லை. பொம்மையாக இருந்தது.

எட்டால் வகுத்தல்

நான் பட்டியல் போடுகிற ஆள். குழப்பம் வந்தால் தெரிந்ததை வரிசையாக எழுதுவேன். அன்றும் எழுதினேன்.

எங்கள் இன்ஜின் ஓடிய வேகம்: மணிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். அளவு: எட்டில் ஒன்று. அப்படியென்றால் நிஜ இன்ஜின் என்ன வேகத்தில் போவதற்கு இது சமம்? தொண்ணூற்றாறு கிலோமீட்டர். வாழைத்தாரும் சிமெண்டும் இழுத்த அந்தப் பாவப்பட்ட சரக்கு இன்ஜின் தன் வாழ்நாளில் அதில் பாதி வேகத்தைப் பார்த்திருந்தாலே அதிகம்.

உடம்பை எட்டால் வகுத்தோம், வேகத்தை வகுக்க மறந்துவிட்டோம்.

இதில் ஓர் அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தையும் எட்டால் வகுத்து, வேகத்தையும் எட்டால் வகுத்தால், ஒரு நிமிடத்தில் சக்கரம் சுற்றும் எண்ணிக்கை இரண்டு இன்ஜினுக்கும் ஒன்றாகிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு இன்ஜின் நான்கு முறை நீராவியை வெளியே தள்ளி மூச்சு விடும். ஆகவே சரியான வேகத்தில் ஓடும் குட்டி இன்ஜினின் மூச்சும் நிஜ இன்ஜினின் மூச்சும் ஒரே தாளத்தில் கேட்க வேண்டும். உருவத்தில் எட்டு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் தாளத்தில் வித்தியாசம் இருக்காது.

எங்கள் இன்ஜின் ஓடியபோது மூச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிவிட்டன. தையல் மிஷின் சத்தம் வந்த காரணம் அதுதான்.

இதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. ஈப்போ நண்பர்களில் சிலர், "புவியீர்ப்பு எட்டில் ஒன்றாகக் குறையவில்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. குட்டி வண்டி தண்டவாள இணைப்பில் ஏறி இறங்கும்போது வெடுக்கென்று குதிக்கும். நிஜ வண்டி மெல்ல அசைந்து கொடுக்கும். அதனால் வேகத்தை எட்டால் வகுக்காமல் ஏறக்குறைய மூன்றால் வகுத்தால்தான் கண்ணுக்கு இயல்பாக இருக்கும் என்பது அவர்கள் கட்சி. நான் காதின் கட்சி. கண் சமாதானமாகிவிடும், காதை ஏமாற்ற முடியாது.

சரி, மெதுவாக ஓட்ட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கைப்பிடியை நூலளவு திறந்தால் இன்ஜின் நகராது. இன்னும் ஒரு நூல் திறந்தால் பாயும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. சின்ன சிலிண்டரில் நீராவி சீக்கிரம் குளிர்ந்து தண்ணீராகிவிடும். அதுவும் எங்கள் ஊர்க் குளிரில் சொல்லவே வேண்டாம். தண்ணீர் சேர்ந்தால் இன்ஜின் விக்கும், உதறும், நின்றுவிடும். குட்டி இன்ஜினை வேகமாக ஓட்ட யாராலும் முடியும். நிஜத்தைப் போல ஓட்டுவதற்குத்தான் வித்தை வேண்டும்.

எங்கள் ஊர்ச் சமதரை

பின்முற்றம் போதவில்லை. நீளமான, சமமான இடம் வேண்டும் என்று விளையாட்டுக் கழகத் தலைவர் தனபாலன் மாமாவிடம் போய்க் கேட்டேன். பாடாங் அவர் பொறுப்பு. புல் வெட்டுவதிலிருந்து கோல் வலையைக் கட்டுவது வரை அவர்தான்.

"பாடாங்க விட சமமான எடம் இந்த மலையில எங்க இருக்கு?" என்று பெருமையாகச் சொல்லி அனுமதித்தார்.

நானும் தலையாட்டினேன். லிம்மும் தலையாட்டினார். இங்கே பிறந்தவர்கள் செய்யக்கூடிய தவறு இது. எங்கள் ஊரில் நின்றால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. வீட்டுக்குப் போவதும் ஏற்றம், கடைக்குப் போவதும் ஏற்றம். அப்படி வளர்ந்தவர்களுக்கு, கூடையை வைத்தால் உருளாமல் நிற்கிற எந்த இடமும் சமதரைதான்.

அந்தப் பாடாங்கில் பந்தை விட்டால் தானாகத் தேயிலைப் பக்கத்திலிருந்து தொழிற்சாலைப் பக்கம் உருளும். மழைத் தண்ணீர் வடிய அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலைப் பக்கம் கோல் அடிப்பது சுலபம் என்று ஊருக்கே தெரியும். காசு சுண்டி ஜெயிப்பவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள். அத்தனையும் தெரிந்த நாங்கள், எல்லோருமாகச் சேர்ந்து அதைச் சமம் என்று சொல்லிக்கொண்டு தண்டவாளத்தைப் போட்டோம். இறக்கத்தை நோக்கி.

இன்ஜின் கிளம்பியது. முதல் பத்து மீட்டர் அழகாகப் போனது. பிறகு மூச்சுச் சத்தம் நெருங்கியது. கைப்பிடியை மூடினேன். இன்ஜின் கேட்கவில்லை. என் எடை பின்னாலிருந்து அதைத் தள்ளியது. பிரேக்கை இழுத்தேன். புல் ஈரம், தண்டவாளம் ஈரம். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கின. தடம் முடிந்த இடத்தில் இன்ஜின் புல்லில் இறங்கி, நேராகக் கோல் வலைக்குள் போய்ச் சிக்கியது. அதன் பின்னாலேயே நானும்.

பாடாங் ஓரத்தில் உட்கார்ந்திருந்த முருகேசு அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினார்.

"கோல்!"

ஒரு வாரத்துக்குத் தோட்டத்தில் என்னைப் பார்ப்பவர்களெல்லாம் "கோல்" என்றார்கள். தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணிகூட.

நிபந்தனை

கிழிந்த வலைக்குப் பதில் புது வலை வாங்கிக்கொண்டு தனபாலன் மாமாவைப் பார்க்கப் போனேன். போன கையோடு, பாடாங்கின் ஓரத்து நிலத்தையும் கேட்டுவிட்டேன். கழற்றி மாட்டும் தண்டவாளத்தில் எந்த இன்ஜினும் ஒழுங்காக ஓடாது. நிரந்தரமான தடம் வேண்டும், வளைவுகளோடு, சரளைக்கல் படுக்கையோடு. தடம் இல்லாவிட்டால் எங்கள் இன்ஜின் கொட்டகையில் கிடக்கும் இரும்புச் சாமான். லிம் நேரடியாகவே சொல்லியிருந்தார், இடம் கிடைக்காவிட்டால் பிரித்து விற்றுவிடலாம் என்று.

"அந்த எடத்தப் பார்க்கிங்குக்குக் கேக்குறாங்கம்மா. கமிட்டியில எல்லாரும் சரின்னுட்டாங்க" என்றார் மாமா.

"ரயில் வந்தா கூட்டம் வரும் மாமா."

"வரும். வந்து எம்மேல ஏறும். ஒன் இன்ஜினுக்கு நிக்கத் தெரியல, மெதுவாப் போகத் தெரியல. புள்ளைங்க வெளயாடுற எடம் இது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதுதான் சரி. அப்போது வாசலில் லோரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற முருகேசு அண்ணன் குறுக்கே புகுந்தார்.

"மாமா, மெதுவாப் போகத் தெரியுமா தெரியாதான்னு எங்கூட விட்டுப் பாத்துடுங்க. ஸ்போர்ட்ஸ் அன்னைக்கு. என்னைய விட மெதுவா வந்துட்டா, எடம் அவளுக்கு. என்ன மாலு?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். தனபாலன் மாமாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"சரி மாமா. எழுதி வச்சுக்குங்க" என்றேன்.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்."

"சரி லா. நடுவர் நான்தான். ஒரு நொடி நின்னாலும் அவுட்."

சுமை

விளையாட்டு விழா வரைக்கும் என் பட்டியல் இது.

முதலில் நீராவிக் கைப்பிடி. உள்ளே இருந்த வால்வைக் கழற்றி, வட்டத் துளைக்குப் பதிலாக ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் விரியும் நீண்ட துளை வெட்டினேன். இப்போது கைப்பிடியைத் திருப்பத் திருப்ப நீராவி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது.

இரண்டாவது, சிலிண்டருக்குப் போர்வை. வெப்பம் போகாமலிருக்கத் தகட்டுக்கு அடியில் பஞ்சு சுற்றினேன். கிளம்பும் முன் வடிகுழாயைத் திறந்து வெகுநேரம் சூடேற்றப் பழகினேன்.

இவ்வளவும் செய்து பார்த்தும் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். உதறல் குறைந்தது. ஆனால் முருகேசு அண்ணன் போகிற வேகம் மனித நடையைவிட மிகக் குறைவு. அந்த வேகத்தில் எங்கள் இன்ஜின் இன்னும் தத்தளித்தது.

கணக்கை மறுபடியும் தலைகீழாகப் போட்டேன். நிஜ இன்ஜின் எப்போது மிக மெதுவாகப் போகும்? நிறையச் சுமையோடு மலையேறும்போது. கூடவே ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவு மெதுவாக. அந்த வேகத்தை எட்டால் வகுத்தால் ஆமை வேகம். ஆனால் அந்த நேரத்தில் அந்த இன்ஜின் சும்மா ஊர்வதில்லை. முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாக, நெஞ்சு நிறைய வருகிறது.

நான் இன்ஜினைப் பட்டினி போட்டு மெதுவாக்கப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேவை வேலை.

தொழிற்சாலையின் பின்முற்றத்தில், லேசான ஏற்றத்தில் தண்டவாளத்தைப் போட்டு, தள்ளுவண்டிகளில் தண்ணீர் நிரப்பிய பெரிய டப்பாக்களை ஏற்றினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்ற ஏற்ற இன்ஜின் நிதானமானது. ஆறாவது டப்பாவில் முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

ச்சஃப். ச்சஃப். ச்சஃப். ச்சஃப்.

கைப்பேசியில் வைத்திருந்த நிஜ இன்ஜினின் ஒலிப்பதிவைப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். இரண்டும் ஒரே தாளத்தில் போயின. லிம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாயிலிருந்த சிகரெட் தானாகவே அணைந்து போயிருந்தது.

ஏற்றமா, இறக்கமா

விளையாட்டு விழாவன்று தனபாலன் மாமா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "எந்தப் பக்கம் ஓட்டப் போறீங்க?"

முருகேசு அண்ணன் முந்திக்கொண்டார். "மேல ஏத்தி ஓட்டுவோம் மாமா. கீழ விட்டா அது மறுபடியும் கோல் போடப் போயிடும்."

சைக்கிளை மெதுவாக ஓட்டுகிறவனுக்கும் ஏற்றம்தான் வசதி. அதோடு, ஏற்றத்தில் என் இன்ஜின் மூச்சடங்கிப் படுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

"ஒங்க இஷ்டம்ணே" என்றேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள என்னால் முடிந்ததைச் செய்தேன்.

தண்ணீர் டப்பாக்களை லிம் எடுத்து வந்தபோது அம்மா தடுத்தார். "டப்பா எதுக்கு? நாங்க இல்ல?" என்று சொல்லித் தன் கூட்டத்துப் பெண்கள் இருவரோடு வந்து தள்ளுவண்டிகளில் ஏறினார். இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி அண்ணி வந்தார். அவர் முருகேசு அண்ணனின் மனைவி.

"ஏய், நீ எங்க ஏறுற?" அண்ணன் சைக்கிளிலிருந்து கத்தினார்.

"நான் ஏறுனா ரயிலு இன்னும் மெதுவாப் போவும்ல?"

"நீ யாரு கட்சிடி?"

"லோரியில ஈப்போ கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு எத்தன வருசமாச் சொல்ற? நான் கேட்ட ஒடனே இவ ஏத்திக்கிட்டா. நான் ரயிலு கட்சி."

கூட்டம் ஊளையிட்டது. அண்ணனின் காது சிவந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் நான் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தேன். மூடுபனி அதைக் கழுவிய தட்டு மாதிரி ஈரமாக்கியிருந்தது. ஈரத் தண்டவாளம் என்றால் சக்கரம் வழுக்கும். வழுக்கினால் நின்றுவிடும். அதற்காகவே பள்ளிக்கூடத்து நீளம் தாண்டும் குழியிலிருந்து மணல் எடுத்து, அம்மாவின் குவாலிச் சட்டியில் வறுத்து, பால் டின்னில் கொண்டுவந்திருந்தேன். நிஜ இன்ஜின்களும் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவித்தான் மலையேறும். அவற்றுக்குத் தனிக் குழாய் உண்டு. எனக்கு லிம் இருந்தார். டின்னை அவர் கையில் கொடுத்தேன்.

தனபாலன் மாமா விசில் ஊதினார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு

கைப்பிடியைத் திறந்தேன். இன்ஜின் ஒரு கணம் யோசித்தது. பிறகு முதல் மூச்சு, அழுத்தமாக. தள்ளுவண்டிகளின் கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டன. பின்னால் நான்கு பெண்களும் "ஆங்" என்றார்கள்.

முருகேசு அண்ணன் ஏற்கெனவே எனக்குப் பின்னால் இருந்தார். பிரேக்கு அலங்காரத்துக்கு என்று சொன்னது பொய். பிரேக்கைப் பாதி பிடித்துக்கொண்டு, அதற்கு எதிராகப் பெடலை மிதித்தபடி சிலை மாதிரி நின்றிருந்தார். பார்த்ததும் புரிந்தது. நாங்கள் தண்ணீர் டப்பாக்களால் செய்ததை அவர் பிரேக்கால் செய்கிறார். இருவரும் ஒரே வித்தையைத்தான் வைத்திருந்தோம்.

பாதித் தூரம் வரை அவர் எனக்குப் பின்னால்தான். ஒரு சைக்கிள் நீளம். இந்தப் போட்டியில் அது மிகப் பெரிய முன்னணி. கைப்பிடியை இன்னும் ஒரு மயிரிழை மூடினேன். மூச்சுகளுக்கு இடையே இடைவெளி நீண்டது.

அப்போதுதான் அம்மா சத்தமாக எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

மற்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பிள்ளைகள். பிறகு பாடாங்கே எண்ணியது. லிம் மணல் டின்னோடு இன்ஜினுக்கு முன்னால் குனிந்து நகர்ந்தபடி "சத்து, டுவா, தீகா, அம்பாட்" என்று மலாயில் எண்ணினார். வங்காளதேசத்திலிருந்து வந்து எங்களோடு வேலை செய்கிறவர்கள் தங்கள் மொழியில் எண்ணினார்கள். நிஜ இன்ஜின் இதே ஏற்றத்தில் என்ன தாளத்தில் மூச்சு விட்டிருக்குமோ, அதே தாளத்தில் ஊர் எண்ணிக்கொண்டிருந்தது.

ஈரப் புல்லில் அண்ணனின் முன்சக்கரம் லேசாகத் திரும்பியது. கால் ஊன்றாமலிருக்க ஒரு மிதி மிதித்தார். சைக்கிள் முன்னால் வந்துவிட்டது. சமாளித்து நின்றார். மறுபடியும் திரும்பியது. மறுபடியும் ஒரு மிதி. இப்போது அவர் எனக்கு முன்னால்.

"இன்னும் மிதிங்க, இன்னும் மிதிங்க!" என்று செல்வி அண்ணி பின்னாலிருந்து உற்சாகப்படுத்தினார்.

"நீ வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே அண்ணன் சொன்னார்.

கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது என் இன்ஜின் வழுக்கியது. தாளம் உடைந்தது. 'சர்ர்ர்' என்று சக்கரங்கள் பிடிப்பில்லாமல் சுற்றின. எண்ணிக்கொண்டிருந்த குரல்கள் அறுந்தன. கைப்பிடியை மூடினேன். ரயில் தன் வேகத்தை இழந்துகொண்டே வந்தது.

"மணல்!"

லிம் டின்னையே கவிழ்த்தார்.

தனபாலன் மாமா வேட்டியை மடித்துக்கொண்டு ஈரப் புல்லில் முழங்கால் போட்டு, கன்னம் தரையில் படும்படி சக்கரத்தைப் பார்த்தார்.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"வாய மூடுங்கடா!" மாமா கண்ணை எடுக்கவில்லை. "நிக்கல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஓடுது. ஊருது. நிக்கல!"

கைப்பிடியைத் திறந்தேன். வறுத்த மணல் சக்கரத்துக்கு அடியில் நொறுங்குவது கேட்டது. பிறகு மூச்சு வந்தது. ஒன்று. எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு. மூன்றுக்குப் பாடாங் முழுவதும் சேர்ந்துகொண்டது. நாலுக்கு மலை திருப்பிச் சொன்னது.

முருகேசு அண்ணனின் முன்சக்கரம் மூன்றாவது முறையாகத் திரும்பியது. கடைசி மிதி. சைக்கிள் கோட்டைத் தாண்டியது. அவர் காலை ஊன்றி, திரும்பிப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் இரண்டு ஆள் நீளத்தில் வந்துகொண்டிருந்தேன். இனி நிற்காமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

அந்த இரண்டு ஆள் நீளத்தையும் நான் அவசரப்படாமல் கடந்தேன். அவசரப்பட்டிருந்தால் அது வேறு இன்ஜினாகியிருக்கும். கோட்டைத் தாண்டியபோது விசில் கயிற்றை இழுத்தேன். அந்தச் சத்தம் தேயிலைச் சரிவில் ஏறி, மூடுபனிக்குள் போய், எங்கேயோ முட்டித் திரும்பி வந்தது.

பிள்ளைகள் என் மேல் விழுந்தார்கள். லிம் தன் தொப்பியைத் தூக்கி எறிந்தார். அது இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

முருகேசு அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இது செல்லாது. ஒங்கிட்ட அஞ்சு பேரு. நான் ஒத்த ஆளு."

"அண்ணிய நீங்க ஏத்தியிருக்கலாமே" என்றேன்.

"நான் ஏறுனா அந்தச் சைக்கிளு கீழ விழுந்துடும்" என்றார் செல்வி அண்ணி, வண்டியிலிருந்து இறங்காமலே. "மாலு, இன்னொரு தடவ போலாம் லா."

அண்ணன் சிரித்துவிட்டார். இன்ஜினின் தலையில் கை வைத்து, சுட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "அடேய், நல்லாத்தான் இழுக்குது. சரளைக்கல்லு வேணும்னா சொல்லு. லோரி திரும்பி வரும்போது காலியாத்தான் வருது."

தனபாலன் மாமா முழங்காலில் ஒட்டிய சேற்றோடு எழுந்து, கழகக் கொட்டகைக்குள் போனார். அவர் கமிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள். வேடிக்கையாகச் சொன்னேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்ய முடியும்?

திரும்பி வந்தபோது ஒரு கையில் பாடாங்குக்குக் கோடு போடும் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் நீளக் கயிற்றுச் சுருள்.

"எவ்வளவு அகலம் வேணும்?"

"ஆறு அடி போதும் மாமா. வளைவுல மட்டும் எட்டு."

"முழுசுக்கும் பத்தா வச்சுக்க. புள்ளைங்க நிக்கணும்ல" என்றார். "பார்க்கிங்காரங்க கேட்டா எங்கிட்ட அனுப்பு. இந்தா, இதப் புடி."

கயிற்றின் ஒரு முனையைத் தன் காலடியில் மிதித்துக்கொண்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, பனியில் கண்ணுக்குத் தெரியாத பாடாங்கின் அந்தக் கோடியை நோக்கி, என்னால் முடிந்த வேகத்தில் ஓடினேன்.